கல்லில் உரித்த நார்

1

என் அப்புச்சி சென்னிமலையில் கைத்தறிப் போர்வை வியாபாரம் பார்த்தவர். திங்கட்கிழமை ராத்திரியானால் ஈரோடு கனி மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். பள்ளிக்கூடம் லீவு என்றால் பெருந்துறையில் பஸ் ஏறி நானும் அவரோடு போய்விடுவேன். அங்கே அவர் செய்யும் ஒரு காரியத்துக்காகத்தான் நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போனேன். யாராவது ஒரு துணியைக் காட்டி "நூத்துக்கு நூறு காட்டனுங்க" என்றால், அப்புச்சி பதில் பேச மாட்டார். துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவுவார். தீக்குச்சி கிழிப்பார். பருத்தி என்றால் சட்டென்று பற்றிக் காகிதம் எரிகிற வாசம் வரும். மிஞ்சுகிற சாம்பல் விரலில் பட்டாலே உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் கலந்திருந்தால் நூல் சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி கட்டி நிற்கும். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் அடிக்கும். துணிக்காரர் முகம் அந்த மூன்று விநாடிகளில் எப்படி மாறுகிறது என்பதைப் பார்ப்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம்.

"மனுசன் பொய் சொல்லுவான் கண்ணு. நெருப்புக்குச் சொல்லத் தெரியாது" என்பார் அப்புச்சி.

அதே வீட்டில்தான் என் சின்னம்மாவின் கதையும் நடந்தது. சித்தப்பாவுக்கு உடம்பு முடியாமல் கிடந்த வருஷம், பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் குண்டம் இறங்குவதாக அவர் நேர்ந்துகொண்டார். பதினைந்து நாள் விரதம். ஒருவேளைச் சாப்பாடு, பாயில்கூடப் படுக்காமல் வெறும் தரை. அன்று விடியற்காலையில் மஞ்சள் சேலையோடு குண்டத்தில் இறங்கி ஏறினார். சாயங்காலம் வலது பாதத்தில் இரண்டு கொப்புளங்கள். சித்தப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் கொப்புளத்தை ஊர் விடவில்லை. "விரதத்துல ஏதோ கொறை வெச்சுப்போட்டா" என்றார்கள். சொன்னவர்களில் எங்கள் வீட்டு ஆட்களும் உண்டு. நெருப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது இல்லையா?

இருபது வருஷத்துக்கும் மேல் ஆகிறது. சின்னம்மா அதற்கப்புறம் குண்டம் பார்க்கக்கூடப் போனதில்லை. திருவிழா அன்று எல்லோரும் கோயிலுக்குப் போய்விட, அவர் மட்டும் வீட்டில் இருந்து சமைப்பார்.

நான் இங்கே எழுத வந்தது சீனத்திலும் ஜப்பானிலும் உலவும் நெருப்பு எலியைப் பற்றித்தான். அந்த எலியை இந்த இரண்டு ஞாபகங்களை விட்டுவிட்டு என்னால் படிக்க முடியவில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

அனிமே பார்க்கிறவர்களுக்கு இந்த எலி புதிதல்ல. 'இனுயாஷா' போட்டிருக்கும் சிவப்பு அங்கி நெருப்பு எலியின் ரோமத்தால் ஆனது. நான் முதலில் அதைச் சந்தித்தது இசாவோ தகாஹாட்டாவின் 'இளவரசி காகுயாவின் கதை' படத்தில். 2013இல் வந்த ஜிப்லி படம். படத்தின் மூலம் 'தாகெதோரி மொனொகதாரி', அதாவது மூங்கில் வெட்டியின் கதை. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலோ பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது, எழுதியவர் யாரென்று தெரியாது. பதினொன்றாம் நூற்றாண்டின் 'கெஞ்சி'யிலேயே இதை எல்லாக் கதைகளுக்கும் மூத்த கதை என்று சொல்லியிருக்கிறது.

கதை எளிது. மூங்கில் வெட்டும் கிழவர் ஒளிரும் மூங்கிலுக்குள் ஒரு குட்டிப் பெண்ணைக் கண்டெடுக்கிறார். அவள் மூன்றே மாதத்தில் வளர்ந்து பேரழகியாகிறாள். ஐந்து பெரிய மனிதர்கள் பெண் கேட்டு வாசலில் கிடக்கிறார்கள். அவளுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. கிழவரோ, எனக்கு வயதாகிவிட்டது, பெண்ணாகப் பிறந்தவள் ஒருத்தனைக் கட்டித்தான் ஆகவேண்டும் என்று நச்சரிக்கிறார். கொங்கு நாட்டில் இருபத்தைந்து தாண்டிய எந்தப் பெண்ணும் இந்த வசனத்தை அறிவாள். காகுயா ஒரு வழி கண்டுபிடிக்கிறாள். ஐந்து பேருக்கும் ஐந்து பொருட்கள் சொல்கிறாள். ஒருவர் இந்தியாவிலிருந்து புத்தரின் கல் பிச்சைப் பாத்திரத்தைக் கொண்டுவர வேண்டும். இன்னொருவர் ஹோராய் மலையின் மணிக்கிளையை. மூன்றாமவரான அமைச்சர் அபே சீனத்திலிருந்து நெருப்பு எலியின் ரோம அங்கியை. மற்ற இருவருக்கும் டிராகனின் கழுத்து மணியும் தகைவிலான் குருவியின் சோழியும்.

அபே பணக்காரர். மற்றவர்களைப் போல நாடகம் ஆடவோ கடலில் இறங்கவோ வேண்டியதில்லை, பணத்தை அனுப்பினால் போதும். சீனக் கப்பலில் வந்து போகும் வியாபாரி ஒருவருக்குப் பொன்னோடு கடிதம் எழுதுகிறார். வியாபாரியின் முதல் பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தப் பொருள் எங்கள் நாட்டில் இல்லை, கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை, உலகத்தில் இருந்திருந்தால் இதற்குள் இங்கே வந்திருக்குமே, ரொம்பக் கஷ்டமான வியாபாரம், எதற்கும் இந்தியாவில் விசாரித்துப் பார்க்கிறேன் என்ற தோரணையில் இருக்கும் அது. கனி மார்க்கெட்டில் விலை ஏற்றுவதற்கு முன் சொல்கிற அதே வார்த்தைகள். கொஞ்ச நாளில் அங்கி வந்துசேர்கிறது. முன்னொரு காலத்தில் இந்தியத் துறவி ஒருவர் கொண்டுவந்தது, மேற்கு மலைக் கோயில் ஒன்றில் இருந்தது, அரசாங்கம் வரை சொல்லி வாங்கினேன், இன்னும் ஐம்பது ரியோ பொன் தரவேண்டும் என்று கூடவே ஒரு கடிதம். போலிச் சரக்குக்கு ஒட்டப்பட்ட முத்திரை நம் நாடு என்பது வேடிக்கை.

அங்கி ஆழ்ந்த நீல நிறம், ரோம நுனிகளில் பொன் மினுக்கம். நெருப்பில் எரியாது என்பதைவிட அதன் அழகுதான் பெரிது என்று கதை குறும்பாகச் சொல்கிறது. அபே நன்றாக அலங்காரம் செய்துகொண்டு, இன்று ராத்திரி மாப்பிள்ளையாக இங்கேயே தங்கிவிடலாம் என்று நினைத்து வருகிறார். கிழவர் அவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு, இதை உண்மை என்றே வைத்துக்கொள்ளம்மா, மனுசரை ரொம்ப வருத்தாதே என்கிறார். காகுயா நெருப்பில் போட்டுப் பார்க்கலாம் என்கிறாள். எரியாவிட்டால் ஒப்புக்கொள்கிறேன் என்கிறாள்.

'மெரா மெரா' என்று எரிகிறது. தீ கொழுந்துவிடும் ஓசைக்கு ஜப்பானிய மொழியில் உள்ள சொல் அது. அமைச்சரின் முகம் புல்லின் நிறத்துக்கு மாறுகிறது. காகுயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'அபே இல்லை' என்பதும் 'ஏமாற்றம்' என்பதும் அம்மொழியில் ஒரே ஒலி. அதை வைத்து ஒரு சிலேடையோடு அத்தியாயம் முடிகிறது.

லேப்டாப்பில் இந்தக் காட்சி ஓடியபோது எனக்கு அப்புச்சியின் தீக்குச்சிதான் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேறொன்று உறைத்தது. இங்கே ஒரு பெண் நெருப்புக்கு வெளியே நிற்கிறாள். ஆண் கொண்டுவந்த பொருள் உள்ளே போகிறது. நான் படித்து வளர்ந்த கதைகளில் இது எப்போதுமே தலைகீழாக அல்லவா நடக்கும்?

3

முதலில் எலி. சீன எழுத்தில் 火鼠, 'ஹுவோ ஷு'. ஜப்பானியத்தில் 'ஹினெசுமி'. பழைய சீன விந்தை நூலான 'ஷென்யி ஜிங்' அதை விரிவாக வர்ணிக்கிறது. தெற்கே, நாடுகளுக்கெல்லாம் அப்பால் ஒரு நெருப்பு மலை. அதில் எரிந்து தீராத மரம். பெருங்காற்றில் அந்தத் தீ வளராது, பெருமழையில் அணையாது. அந்தத் தீக்குள் ஓர் எலி. எடை நூறு ஜின், ரோமம் இரண்டடி நீளம், பட்டிழை மாதிரி மெல்லியது. தீக்குள் இருக்கும்போது சிவப்பு, வெளியே வந்தால் வெள்ளை. தண்ணீரை ஊற்றினால் செத்துவிடும். அந்த ரோமத்தை நெய்தால் வருவது 'ஹுவோ ஹுவான் பு', தீயால் துவைக்கும் துணி. அழுக்கானால் நெருப்பில் போட்டு எடுத்தால் வெளுத்து வரும்.

துணி கற்பனை அல்ல. அது ஆஸ்பெஸ்டாஸ். லியாங் ஜி என்ற ஹான் வம்சக் காலத்துத் தளபதியைப் பற்றி ஒரு கதை உண்டு. விருந்தில் வேண்டுமென்றே அங்கியில் மதுவைக் கொட்டிக்கொண்டு, கோபம் வந்தவர் மாதிரி அதைக் கழற்றி நெருப்பில் எறிவாராம். வந்தவர்கள் வாயைப் பிளந்திருக்க, அங்கி பளிச்சென்று வெளியே வரும். அந்தக் காலத்து ஷோ-ஆஃப்.

துணி உண்மை, எலி மட்டும் கற்பனை. ஏன் எலி? இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது சுலபம். ஆனால் யோசித்தால் அது நல்ல தர்க்கம். கையில் ஒரு துணி இருக்கிறது. நூல் மெல்லியதாக, முடி மாதிரி இருக்கிறது. உலகத்தில் நூல் எங்கிருந்து வருகிறது? செடியிலிருந்து, பூச்சியிலிருந்து, ஆட்டிலிருந்து. இந்தத் துணி எரியவில்லை. ஆகவே இதைக் கொடுத்த உயிரும் எரியாமல் இருந்திருக்க வேண்டும். கல்லிலிருந்து நூல் வரும் என்பதைவிட நெருப்புக்குள் எலி வாழும் என்பது நம்பக்கூடியதாக இருந்திருக்கிறது.

தமிழுக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது. நடக்கவே நடக்காத காரியத்துக்கு நாம் சொல்லும் உவமை 'கல்லில் நார் உரிப்பது'. திருவாசகத்தில் இறைவனின் அருளைச் சொல்லவே இந்தப் படிமம் வருகிறது. அவ்வளவு அசாத்தியம். ஆனால் ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழ்ச் சொல் தேடியவர் யாரோ, அதற்கு வைத்த பெயர் 'கல்நார்'. பழமொழி நிஜமாகிவிட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சீனம் வரை போன மார்க்கோ போலோவும் இதையேதான் சொன்னார். ஐரோப்பியர்கள் இதே துணிக்கு எலிக்குப் பதில் சாலமாண்டர் என்ற பல்லிபோன்ற பிராணியைக் கற்பித்திருந்தார்கள். அதெல்லாம் கட்டுக்கதை, இது மலையிலிருந்து வெட்டி எடுத்து, இடித்து, கழுவி, நூற்கும் பொருள் என்று அவர் எழுதினார்.

எலியின் வரலாற்றில் நான் மறுபடி மறுபடி போய் நிற்கும் இடம் ஒரு கல்வெட்டு. மூன்றாம் நூற்றாண்டின் வெய் பேரரசர் சாவ் பீ கவிஞர், விமர்சகர். 'தியான் லுன்' என்ற தன் நூலில், தீயால் துவைக்கும் துணி என்று ஒன்று இருக்கவே முடியாது என்று வாதிட்டார். நெருப்பின் இயல்பு கடுமை, அதில் உயிரை வளர்க்கும் சக்தி கிடையாது, ஆகவே அதில் எதுவும் வாழ முடியாது. பகுத்தறிவான வாதம். அவருக்குப் பின் வந்த மகன், அப்பாவின் நூல் காலத்துக்கும் நிலைக்கவேண்டும் என்று அதைக் கல்லில் வெட்டி நிறுத்தினார். 239இல் மேற்குத் தேசத்துத் தூதர்கள் காணிக்கை கொண்டுவந்தார்கள். காணிக்கையில் இருந்தது தீயால் துவைக்கும் துணி. கல்லிலிருந்து அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்தார்கள், ஊர் சிரித்தது என்று பழைய உரைக்குறிப்பு சொல்கிறது.

சாஃப்ட்வேர்காரனாக எனக்கு இது ரொம்ப நெருக்கமான வலி. புரொடக்‌ஷனுக்குப் போன பிறகு தெரிகிற பக். ஆனால் சாவ் பீயின் தவறு சுவாரஸ்யமானது. எலி இல்லை என்றதில் அவர் சரி. எலி இல்லாததால் துணியும் இல்லை என்றதில்தான் தவறினார். காரணம் பொய்யாக இருப்பதால் காரியமும் பொய் என்று முடிவு கட்டிவிட்டார்.

4

இப்போது நம் பக்கம். எரியாத துணி தமிழில் உண்டா?

உண்டு. மணிமேகலையின் பதினாறாவது காதை, 'ஆதிரை பிச்சையிட்ட காதை'. கணவன் சாதுவன் கணிகையிடம் பொருளை எல்லாம் தொலைத்துவிட்டு, சம்பாதிக்கக் கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது. அவன் செத்துவிட்டான் என்று செய்தி வருகிறது. ஆதிரை தீ மூட்டி இறங்குகிறாள். அவள் படுத்த படுக்கை வேகவில்லை. உடுத்திய சேலை எரியவில்லை. பூசிய சந்தனம் காயவில்லை, சூடிய மாலை வாடவில்லை. தீயாலும் கொல்லப்படாத பாவி ஆகிவிட்டேனே, என்ன செய்வேன் என்று அவள் அழுகிறாள். அப்போது வானத்திலிருந்து ஒரு குரல், உன் கணவன் உயிரோடு இருக்கிறான், நாகர் வாழும் மலைப்பக்கம் இருக்கிறான், திரும்பி வருவான் என்கிறது.

இந்த அழுகை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆதிரை எதையும் நிரூபிக்க இறங்கவில்லை, சாகத்தான் இறங்கினாள். எரியாததைத் தன் தோல்வியாகத்தான் அவள் எடுத்துக்கொள்கிறாள். ஆனால் காவியமும் ஊரும் அதை வெற்றியாக, கற்பின் சான்றாக எழுதிக்கொள்கின்றன. தேர்வு எழுதாதவளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழின் பேரில்தான் மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி முதல் பிச்சைக்கு அவள் வாசலில் போய் நிற்கிறாள்.

கவனித்தீர்களா? தாகெதோரியில் காகுயா கேட்ட பொருட்களில் இரண்டு, ஒரு புனிதப் பிச்சைப் பாத்திரமும் எரியாத ஓர் ஆடையும். மணிமேகலையில் அந்த இரண்டும் ஒரே காதையில் சந்திக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் பௌத்தம் புழங்கிய, கடல் வணிகம் செழித்த உலகங்களில் எழுதப்பட்டவை, பாத்திரமும் ஆடையும் கப்பலேறிப் போகக்கூடியவை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு வேண்டியது வித்தியாசம். ஜப்பானியக் கதையில் ஆடை மட்டும் நெருப்புக்குப் போகிறது. நம் கதையில் ஆடைக்குள் ஒரு பெண் இருக்கிறாள்.

சீதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கம்பன் ஒரு படி மேலே போய், அவள் கற்பின் சூட்டில் அக்கினியே வெந்து முறையிடுவதாகப் பாடினான். அது கவித்துவமான எதிர்வினைதான். நெருப்பைவிடப் பெரியவள் என்று அவளை உயர்த்துகிறான். ஆனாலும் அவள் இறங்கத்தான் வேண்டியிருந்தது. அதில் தமிழ் நவீன இலக்கியம் எழுப்பிய ஒரே கேள்வி போதும். 1940களில் புதுமைப்பித்தன் எழுதிய 'சாபவிமோசன'த்தில், அக்கினிப் பிரவேசம் பற்றிச் சீதை வாயாலேயே கேட்கும் அகலிகை துடித்துப்போகிறாள். தனக்கு ஒரு நியாயம், ராமனுக்கு ஒரு நியாயமா என்று உள்ளே உடைகிறாள். கடைசியில் மறுபடி கல்லாகிவிடுகிறாள். கல்லில் நார் உரிக்கலாம், இவர்களிடம் நியாயம் உரிக்க முடியாது என்று அவள் முடிவு செய்ததாக நான் வாசித்துக்கொள்வேன்.

நம் பக்கத்து நெருப்புக் கதையிலும் எலி வருகிறது, ஆனால் வேறு வேஷத்தில். மகாபாரதத்தில் காண்டவ வனம் எரியும்போது ஜரிதை என்ற தாய்ப் பறவை, இறகு முளைக்காத தன் நான்கு குஞ்சுகளை எலி வளைக்குள் ஒளியச் சொல்கிறாள். அவற்றின் அப்பன் ஏற்கெனவே வேறொருத்தியோடு போய்விட்டான். குஞ்சுகள் மறுக்கின்றன. வளைக்குள் எலி தின்பது நிச்சயம், வெளியே நெருப்போ காற்று திரும்பினால் விலகியும் போகலாம் என்று கணக்குப் போடுகின்றன. நீ போ, உயிரோடு இருந்தால் இன்னும் குஞ்சு பொரிக்கலாம் என்று தாயை அனுப்பிவைக்கின்றன. கடைசியில் அக்கினி அவற்றை விட்டுவிடுகிறான். நெருப்பைப் பரீட்சையாகப் பார்க்காமல் ஆபத்தாக மட்டுமே பார்த்த கதாபாத்திரங்கள் நம் மரபில் அந்த நான்கு குஞ்சுகள்தானோ என்று எனக்குத் தோன்றும். யாரும் அவற்றின் கற்பைச் சந்தேகப்படவில்லை.

5

இதுவரை எழுதியதைப் படித்தால் காகுயா ஜெயித்தவள், ஆதிரையும் சீதையும் தோற்றவர்கள் என்பதுபோல் இருக்கும். நானும் படம் பார்த்து முடித்த ராத்திரி அப்படித்தான் நினைத்தேன். நண்பர்களிடம் பெருமையாகப் பேசவும் செய்தேன். பிறகு மூலக்கதையை மொழிபெயர்ப்பில் நிதானமாகப் படித்தபோது ஒரு சந்தேகம் வந்தது.

அங்கி எரியாமல் போயிருந்தால்?

தாகெதோரி எழுதப்படுவதற்கு அறுநூறு வருஷங்களுக்கு முன்பே வெய் அரண்மனைக்குக் கல்நார்த் துணி வந்துவிட்டது. உலகத்தில் அந்தப் பொருள் இருந்தது. அபே அனுப்பிய பொன்னுக்கு வியாபாரி நேர்மையாக அலைந்திருந்தால் ஒரு துண்டாவது கிடைத்திருக்கலாம். அது அவ்வளவு நீலமாக, அவ்வளவு அழகாக இருந்திருக்காது. அழுக்கு வெள்ளையில் முரடாக இருந்திருக்கும். ஆனால் நெருப்பில் போட்டால் எரிந்திருக்காது. அப்படி நடந்திருந்தால் காகுயா என்ன செய்திருப்பாள்? எரியாவிட்டால் ஒப்புக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாளே. உள்ளே மாப்பிள்ளை அலங்காரத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

அதாவது அவளுடைய விடுதலை ஒரு சீன வியாபாரியின் ஏமாற்று வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அசாத்தியம் என்று நினைத்து அவள் கேட்டது சாத்தியமான பொருள். ஜப்பானிலேயே 1764இல் ஹிராகா கென்னாய் என்ற அறிஞர் சிசிபு மலையில் கிடைத்த கல்நாரிலிருந்து ஒரு சின்னத் துண்டு நெய்து காட்டிவிட்டார். சாவ் பீ செய்த தவறைத்தான் காகுயாவும் செய்தாள். எலி இருக்க முடியாது, ஆகவே துணியும் இருக்க முடியாது. அவருக்குக் கல்வெட்டு போனது, இவளுக்கு வாழ்க்கையே போயிருக்கும்.

எங்கள் வேலையில் ஒரு பாலபாடம் உண்டு. ஒரு டெஸ்ட், தான் சோதிப்பதை மட்டும்தான் சோதிக்கும். அப்புச்சியின் தீக்குச்சி அந்த நூல் பருத்தியா என்று சொல்லும். விற்பவன் நாளைக்கும் நேர்மையாக இருப்பானா என்று சொல்லாது. அங்கி எரிந்தது, ஆகவே அது போலி. சரி. எரியாமல் இருந்திருந்தால் அது கல்நார் என்று ஆகியிருக்கும், அவ்வளவுதான். அபே நல்ல கணவன் என்று ஆகியிருக்காது. காகுயாவுக்கு அவரைப் பிடித்திருக்கிறது என்றும் ஆகியிருக்காது. அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது கதையின் முதல் சில பக்கங்களிலேயே தெளிவாக இருக்கிறது. அவள் அதைச் சொல்லவும் செய்கிறாள். யாரும் கேட்கவில்லை. 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில்தான் அவள் எலியையும் டிராகனையும் துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஆகவே பரீட்சை வைக்கும் அதிகாரம் யார் கையில் என்ற கேள்வி பாதிதான். மீதிப் பாதி, ஏன் பரீட்சை வேண்டியிருக்கிறது என்பது. தாகெதோரியை ஒரு பெண்ணின் புத்திசாலித்தனத்தைக் கொண்டாடும் கதையாக மட்டும் வாசிப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஐந்து பேரையும் அவள் விரட்டிவிடுகிறாள். அதற்கப்புறம் பேரரசரே வருகிறார். அவரிடம் எந்த எலியைக் கேட்பது? கடைசியில் சந்திரனிலிருந்து ஆட்கள் வந்து கூட்டிப்போகிறார்கள். பூமியில் அவளுக்கு வழி இல்லை என்பதைக் கதை மறைக்கவே இல்லை. தகாஹாட்டா இதைத்தான் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அவர் படத்தில் ஐந்து பேரின் கோமாளித்தனத்தைவிட, தலைதெறிக்க ஓடும் அந்தப் பெண்ணின் கரிக்கோட்டு உருவம்தான் மனதில் நிற்கிறது.

6

நெருப்பு எலி இப்போது எங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. பெருந்துறையைச் சுற்றி எத்தனை தறிக் குடோன்கள், மாட்டுக் கொட்டகைகள், வாடகை லைன் வீடுகள்! எல்லாவற்றுக்கும் மேலே சிமெண்ட் சீட்டு. சிமெண்டோடு கொஞ்சம் கல்நார் கலந்து செய்வது. சின்ன வயதில் உடைந்த சீட்டுத் துண்டுகளை போகி நெருப்பில் போட்டுவிட்டு ஓடுவோம். எரியாது, சூடேறி 'டப்' என்று வெடிக்கும். பட்டாசு வாங்கக் காசில்லாத பையன்களின் பட்டாசு.

நெருப்பை ஜெயித்த அந்த நார் உடைந்து தூளாகிக் காற்றில் கலந்தால் நுரையீரலில் போய்த் தங்கிவிடும். உடம்பாலும் அதை அழிக்க முடியாது. இருபது, முப்பது, சில சமயம் நாற்பது வருஷம் கழித்து நோயாக வரும். 2005இல் ஜப்பானின் அமகசாகி நகரில், பழைய கல்நார்த் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வெறுமனே குடியிருந்தவர்களுக்கும் நுரையீரல் உறைப் புற்றுநோய் வந்தது வெளியே தெரிந்து நாடே அதிர்ந்தது. எலியின் அங்கியைக் கதையாகச் சொன்ன நாடு அதற்கப்புறம்தான் அதை முழுக்கத் தடை செய்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. இந்தியாவில் சீட்டு இன்னும் கடையில் கிடைக்கிறது. எரியுமா என்ற பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பொருள் இது. வேறு பரீட்சையை யாரும் வைக்காததால் வீட்டுக்குள் வந்துவிட்டது.

சின்னம்மாவின் கொப்புளத்துக்கு வருகிறேன். கல்லூரியில் வெப்பக் கடத்தல் படித்தபோதே எனக்கு இது புரிந்தது. கரித் தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். பாதம் படுவது ஒரு விநாடிக்கும் குறைவு. வேகமாக, ஒரே சீராக நடந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு தணல் துண்டு விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டால் கொப்புளிக்கும். விரதம் சுத்தமா என்று குண்டத்துக்குத் தெரியாது. இதை அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். "சரி கண்ணு" என்பார். அவ்வளவுதான். விஞ்ஞானம் சொல்லி அவர் மனதை ஆற்றிவிடலாம் என்று நினைத்த என் அகந்தை எனக்கு இப்போது புரிகிறது. அவரைக் குற்றம் சொன்னவர்களிடம் அல்லவா நான் போய் அதைச் சொல்லியிருக்க வேண்டும்? அவர்களில் எங்கள் அம்மாவும் உண்டு. நான் போகவில்லை.

போன வருஷம் குண்டம் திருவிழா அன்று நான் கோயிலுக்குப் போகாமல் சின்னம்மாவோடு வீட்டில் இருந்துவிட்டேன். வேலை முடிந்து உட்கார்ந்தவருக்கு லேப்டாப்பில் காகுயா படத்தைப் போட்டுக் காட்டினேன். சப்டைட்டில் படிக்க முடியாது என்பதால் கதையை நான் கொங்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அங்கி எரிகிற காட்சியில் சின்னம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அந்தப் புள்ள வெவரமாக்கும்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அவ ஏங் கண்ணு இத்தன கேக்கோணும்? எனக்கு வேண்டாமுன்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டா ஆகாதா?"

"சொன்னாளுங் சின்னம்மா. ஆரும் கேக்கலீங்."

"அதுஞ் செரிதான்" என்றார். வலது காலை மடக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, மேலே ஓட்டச் சொன்னார். தூரத்தில் கோயில் மைக்கில் குண்டம் இறங்குகிறவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.